இரண்டாவது திறப்பு

கஜீவன் திருடப் போகும்போது எப்போதும் நன்றாக உடுத்திக்கொண்டுதான் போவான். அன்று காலை வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அவன் வந்து நின்ற தோரணைக்கு ஒரு பாங்க் மனேஜரே வழிவிட்டு ஒதுங்கியிருப்பார். நீலச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, கழுத்தில் கார்க் கம்பனி அட்டை. அட்டையை முதல் நாள்தான் புறக்கோட்டையில் அச்சடித்திருந்தான்.

கேற்றுக்கு உள்ளே நின்றது அவன் தேடி வந்த சாமான்: மின்சாரத்தில் ஓடும் ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் கார். அது கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து, அதன் சொந்தக்காரர் பாலசுந்தரம் அதன்மேல் சாய்ந்தும், அதற்குள் இருந்தும், அதைக் கட்டிப்பிடித்தும் எடுத்த படங்களைப் பேஸ்புக்கில் போட்டபடியே இருந்தார். ஒரு படத்தில் வீட்டு இலக்கம் தெரிந்தது. காலையில் அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போவதையும் அவரே எழுதியிருந்தார். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில், காரைக் கழற்றுவதற்கு ஆட்கள் காலையிலேயே தேத்தண்ணி குடித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள்.

மணியை அடித்தான். பாலசுந்தரத்தின் மனைவி யோகேஸ்வரி, வெங்காயம் உரித்த கையோடு வந்தார்.

“வணக்கம் அன்ரி. கம்பனியில இருந்து வாறன். வண்டிக்குப் புது சொப்ட்வெயார் போடவேணும். கொண்டுபோயிட்டுப் பின்னேரம் கொண்டுவந்து தருவம். ஐயா இல்லையோ?”

“இருக்கிறார். இண்டைக்கு நடக்கப் போகேல்ல. இப்பதான் மேல குளிக்கப் போனவர்.”

கஜீவன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சிரிப்பு மாறவில்லை. “ஐயாவோட போன்ல கதைச்சுப்போட்டுத்தான் வந்தனான். ஓமெண்டவர்.”

யோகேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தார். கேற்றைத் திறந்து அவனை உள்ளே விட்டு, திரும்பவும் பூட்டினார். பிறகு வீட்டுக்குள் போய், சாவிக்கொத்திலிருந்து கார்த் திறப்பைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுசியா என்று கஜீவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பாவம் பார்ப்பதற்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. காரின் கதவுக்குக் கைபிடியே இல்லை. தடவினான். தட்டினான். கதவு அப்படியே வழுவழுவென்று இருந்தது.

“அதில இல்லை தம்பி. கண்ணாடிக்குக் கீழ கறுப்பா ஒண்டு தெரியுதெல்லே? அதை அமத்துங்கோ. கைபிடி தானா வெளியில வரும்.”

“தெரியும் அன்ரி. வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்.”

அடுத்து, சுவரிலிருந்து வந்த சார்ஜ் வயர் காரின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. இழுத்ததில் நீலச் சட்டை முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

“திறப்பில ரெண்டு தரம் அமத்தினாத்தான் அது விடும்,” என்றார் யோகேஸ்வரி. “நீங்கள் கம்பனிதானே?”

“ஓம் அன்ரி. போன கிழமைதான் சேர்ந்தனான்.”

“அதுதான் பாத்தன். இவர் வாற சனத்துக்கெல்லாம் விளங்கப்படுத்தி, எனக்கே பாடமாப் போச்சு. செத்தவீடு சொல்ல வந்த ஆளையும் விடேல்ல. டிக்கிக்குள்ள ஆரும் மாட்டுப்பட்டா இழுத்துத் திறக்கிறதுக்கு, இருட்டில மினுங்குற நாடா ஒண்டு இருக்கு. அதைக் காட்டுறதுக்கு என்ர தங்கச்சின்ர மனுசனை உள்ளுக்க படுக்க வச்சுப் பூட்டினவர். என்னைக் கோயிலுக்கு ஏத்தச் சொன்னா மட்டும், விபூதி சீற்றில கொட்டுமாம்.”

கஜீவன் மரியாதைக்குச் சிரித்தபடி உள்ளே ஏறி, ஸ்டார்ட் பண்ணக் கையை நீட்டினான்.

“அமத்தாதேங்கோ.”

கை அந்தரத்தில் நின்றது.

“அது உறுமும் தம்பி. உறுமுறதுக்கு எஞ்சின் இல்லை. ஸ்பீக்கரில சத்தம் போடுறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சோதினைக்குப் படிக்குது. திரையில ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை முதல் நிப்பாட்டுங்கோ.”

நிப்பாட்டினான். இந்த மனுசி இல்லாவிட்டால் மேலே குளிக்கிறவர் இடுப்பில் துவாயோடு இறங்கி வந்திருப்பார்.

“கொஞ்சம் நில்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு யோகேஸ்வரி வீட்டுக்குள் போனார். திறந்திருந்த யன்னல் வழியாக, அவர் கையில் போனை எடுப்பதைக் கஜீவன் கண்டான். இவ்வளவு நேரமும் கதை கொடுத்து மறித்து வைத்திருக்கிறாளே. பொலிஸ் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? இறங்கி ஓடலாம் என்றால் கேற் பூட்டியிருந்தது.

ஆனால் அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டு, அதற்குக் கீழே கிடந்த ஒரு பையோடுதான் திரும்பி வந்தார்.

“இது வெளியில சார்ஜ் பண்ணுற வயர். இது ரெண்டாவது திறப்பு. இதுகள் இல்லாட்டிக் கம்பனியில கஷ்டப்படுவியள்.”

கஜீவன் இரண்டு கையாலும் பையை வாங்கினான். “நல்லா இருப்பியள் அன்ரி,” என்று மனமாரச் சொன்னான்.

யோகேஸ்வரியே கேற்றின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார். கார் சத்தமில்லாமல் ஒழுங்கைக்கு இறங்கியது. இறங்கியதும் நின்றது. முன்னால் ஒரு த்ரீவீலர் குறுக்கே நின்று, திரும்ப இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“யோகேஸ்,” என்றது பாலசுந்தரத்தின் குரல். “கேற் சத்தம் கேட்டுது. ஆரப்பா வந்தது?”

கஜீவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். யோகேஸ்வரி கேற்றைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். பிறகு மேலே நிமிர்ந்து, அவசரமில்லாமல் பதில் சொன்னார்.

“மீன்காரனப்பா. போகச் சொல்லிட்டன். நீங்கள் ஆறுதலாக் குளியுங்கோ.”