எழுதாத அத்தியாயம்

பதிப்பகத்தின் புது நூல் அறிவிப்பு காலையில் அலைபேசிக்கு வந்தது. பொற்கொடியின் படம், ஏரிக்கரை உடைந்து ஒரு தெருவே மூழ்கிப்போனதைப் பற்றிய அவளுடைய ஆய்வு நூலின் அட்டை, கீழே ‘விற்பனைக்கு வந்துவிட்டது’ என்ற வரி. புத்தகக் கண்காட்சி நெருங்கினால் எழுதி முடிக்காத நூலுக்கும் அட்டை போட்டு அறிவிப்பது அவர்கள் வழக்கம்தான். ஆனால் விற்பனையா? கரையை வெட்டியது யார் என்று சொல்லவேண்டிய கடைசி அத்தியாயமான எட்டாவதை அவள் எழுதவேயில்லை. அவளுக்கு விடை கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர் செபஸ்தியானை அழைத்தாள். “சார், நான் ஏழுதானே அனுப்பினேன்?” “என்ன மேடம், எட்டும் வந்துச்சே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மெய்ப்புகூட நீங்கதான திருத்திக் குடுத்தீங்க. அதப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.” “அதுல என்ன சார் இருக்கு?” அவர் சிரித்தார். “விளையாடாதீங்க மேடம். உங்க பிரதியெல்லாம் நேத்தே வீட்டு முகவரிக்குக் கூரியர்ல போட்டாச்சு.” வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து உடனே வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். தன் புத்தகத்தில் தான் யார் பெயரை எழுதியிருக்கக்கூடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக் கூடத்தில் கூரியர் உறை கிழிந்து கிடந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைக் கடைசிப் பக்கங்களில் விரித்து வைத்திருந்தார். ஒரு வரியின்மேல் அழுந்தியிருந்த அவர் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டும் அவர் நிமிரவில்லை. “இத உனக்கு யாரும்மா சொன்னா?” என்றார்.