ஏறிக்கொள்ள ஒரு முதுகு

பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கடைசியில் நிற்கும் அணிக்குத்தான் புது ஆளை முதலில் பொறுக்கிக்கொள்ளும் சலுகை. கேப்டன் கங்காரு, ஓட்டக்கார ஈமுவைக் கேட்டு வாங்கியது. அதற்கு இடம் வேண்டுமே என்று, வருஷம் முழுக்க ஒரு பந்துகூடப் பிடிக்காத, கரடிக்குட்டி மாதிரி இருக்கும் குண்டு விலங்கான வொம்பாட்டின் பெயரை அடித்துவிட்டது. வொம்பாட் வேலியோரம் போய் உட்கார்ந்தது.

முதல் பயிற்சியில் பந்து உயரே வந்தது. அதை எட்டிப் பிடிக்க, கங்காரு வழக்கம்போல முன்னால் நின்ற முதுகில் ஏறித் தாவியது. ஒல்லி ஈமு மடங்கியது. இரண்டும் குப்புற விழுந்தன.

"இத்தனை நாளா யாரு முதுகுல ஏறிப் பிடிச்சீங்க, கேப்டன்?" என்றது ஈமு.

கங்காரு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தது.

"கால்ல அடி பட்டுச்சா?" என்று கேட்டபடியே எழுந்து வந்த வொம்பாட், தன் பழைய இடத்தில் குனிந்து நின்றது.