கிர்ஸ்டனின் நாற்காலி

"போய்ச் சாப்பிட்டிட்டு வா, அந்தோனி. யேசு பிறந்த நத்தார் நாளில டெனிஷ்காரன் ஒருத்தன் வீட்டுக்குக் கூப்பிடுறது லேசுப்பட்ட விஷயமே?" என்றார் பரமானந்தம்.

"எனக்கென்ன நத்தார், அண்ணை?" அந்தோனிமுத்து கட்டிலை விட்டு எழும்பவில்லை. "ராசமலர் எழுதினதைப் பாத்தனீங்கள்தானே?"

அறைத்தோழரான அவர் அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தார். 'விசா வராதெண்டால் மறைக்காமல் சொல்லிப்போடுங்கோ. எதிர்பாக்காமல் இருக்கப் பழகிறன்' என்று மனைவி மட்டக்களப்பிலிருந்து எழுதியிருந்தாள்.

மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினேழு மாதம். எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரிப் பதில். கிணற்றில் போட்ட கல்தான். மகள் நிலானிக்கு மூன்று வயது. அவளை அவன் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறான். இந்த எண்பத்தெட்டாம் ஆண்டும் முடியப்போகிறது.

"இஞ்ச கிடந்து அழுதாப்போல விசா வந்திடுமோ? எழும்படா!"

அந்தத் தொல்லை தாங்காமல்தான் போனான்.

ஹென்ரிக்கை அவன் டோஸ்ட்ருப் ரயில் நிலையத்தில் தினமும் காண்பான். கொப்பன்ஹேகனில் ஏதோ அரசாங்கக் கந்தோரில் மேசை வேலை. சிரிப்பைக்கூடச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். போன கிழமை திடீரென்று வழிமறித்து, "எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நத்தாருக்கு வாருங்கள்" என்று சொல்லி, விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நாற்காலி அவர்களுடைய மகள் கிர்ஸ்டனுடையது. அவள் சீனாவில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். தாய் இங்கர், வாட்டிய தாரா இறைச்சியை மேசையில் வைத்த கையோடு மகளின் கடிதத்தை எடுத்துவிட்டாள்.

"'நத்தார் நாளிலும் எனக்கு வகுப்பு இருக்கிறது, அம்மா. மாணவர்கள் ஒரு பைன் கிளையைத் தகரக் குவளையில் நட்டுப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பாற்சோறு காய்ச்சப் போகிறேன். அதற்குள் ஒளித்து வைக்கப் பாதாம் இங்கே கிடைக்காது, நிலக்கடலைதான். இந்த நகரம் முழுவதிலும் நத்தார் எனக்கு மட்டும்தான், அம்மா...'"

இங்கரின் குரல் உடைந்தது. "பிள்ளை அங்கே தனியாக! எப்படித் தாங்குவது?"

அந்தோனிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. அவள் விரும்பிப் போனவள். நினைத்த நேரம் திரும்பி வரலாம், மறிக்க ஆளில்லை. ஆனால் அழுகிற தாயிடம் அதைச் சொல்ல முடியுமா?

"எப்போது வருவார்?" என்று தெரிந்த டெனிஷில் கேட்டான்.

"ஜூலையில்."

"நல்லது. எனக்கு அப்படி ஒரு மாதத்தைச் சொல்ல யாருமில்லை."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. என் மனைவி, என் பிள்ளை, அந்த ஒற்றை வரிப் பதில் என்று எல்லாவற்றையும் கொட்டினான். "இல்லை என்று சொன்னாலும் அழுது முடித்துவிடுவேன். ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? என் விண்ணப்பத்தை ஒரு மனிதராவது வாசித்தாரா என்றுகூடத் தெரியாது!"

இங்கர் அழுகையை நிறுத்திக் கணவனைப் பார்த்தாள். ஹென்ரிக் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டேயிருந்தார். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

பிறகு வைன் கிளாசை எடுத்தார். மேசைக்கு வராதவர்களின் பெயரைச் சொல்லிக் குடிப்பது அந்த வீட்டு வழக்கமாம்.

"சீனாவில் இருக்கும் கிர்ஸ்டனுக்கு" என்றார். மூன்று கிளாஸ்களும் உயர்ந்தன.

அவர் கையை இறக்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தபடி, "ராசமலருக்கும், குட்டி நிலானிக்கும்" என்றார், ஓரெழுத்தும் பிசகாமல்.

அந்தோனிமுத்துவுக்குக் கண் கலங்கியது. தன் வீட்டாரின் பெயர்களை ஒரு டெனிஷ்காரர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அந்தப் பெயர்களை அவன் இந்த வீட்டில் சொல்லவேயில்லை. டென்மார்க்கில் அவற்றை அவன் எழுதிக் கொடுத்தது, பதினேழு மாதமாக அசையாமல் கிடக்கும் அந்த விண்ணப்பத்தில் மட்டும்தான்.