கெட்டுப்போன ஆய்வு

"உண்மையைச் சொல்லு. ரெண்டாவது வகுப்புக்கும் நீதானே சொல்லிக் கொடுத்தே?"

பேராசிரியை கேட்டதும் மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைப்பு முடிவுசெய்ய வந்த அன்றே பேராசிரியை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு என்றால் யாருக்கும் மனசு இளகிவிடும், பரிதாபம் உள்ளே நுழைந்தால் ஆய்வு பாழ், வேறு ஏதாவது எடு என்று. இவள் கேட்டால்தானே? பிடித்த பிடியாக நின்று இதையே வாங்கிக்கொண்டு போனாள்.

அப்படியொன்றும் சிக்கலான ஆய்வு இல்லை. சிறப்புப் பள்ளியில் பேச்சு வராத குழந்தைகள் இரண்டு வகுப்பு. ஒரு வகுப்புக்குப் பட அட்டைகள் கொடுத்தாள். தண்ணீர், வலி, அம்மா, போதும். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால்தான் கிடைக்கும். இன்னொரு வகுப்புக்கு ஆய்வு முடிகிறவரை அட்டை கிடையாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால் அட்டை உதவுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பாதி வழியில் பேராசிரியை போய் அட்டையை நீட்டிச் சோதித்துப் பார்த்தால், அட்டை கொடுக்காத வகுப்பிலும் குழந்தைகள் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கிறார்கள். இனி எதை எதோடு ஒப்பிடுவது?

பேராசிரியைக்குக் கோபம் இருந்தாலும் மாணவியைக் கைவிட மனசு வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதோ பாரும்மா. நீ கொடுக்கலைன்னா பள்ளியிலதான் எங்கேயோ கசிஞ்சிருக்கு. அதைச் சரிபண்ணிடலாம். சாப்பாட்டு நேரத்துல கூட ரெண்டு வகுப்பும் சேராம பிரிச்சு வைக்கச் சொல்றேன். புதுசா சில குழந்தைங்களைச் சேர்த்துத் தொடரலாம். ஆனா நீயே சொல்லிக் கொடுத்திருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தலைப்பை விட்டுடணும். உனக்கு ஒரு வருஷம் போயிடும்."

மாணவி நிமிர்ந்தாள்.

"நான்தான் மேடம் சொல்லிக் கொடுத்தேன்."

அதன்பிறகு பேராசிரியை வெளுத்து வாங்கிவிட்டார். இரக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வரத் தெரியாதவளுக்கு ஆய்வு எதற்கு என்றார். போய் வேறு தலைப்பு தேடு என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதுவே பேராசிரியைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தன் மாணவி செய்த தவறுக்குத் தானே நேரில் போய் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று மறுநாள் பள்ளிக்குப் போனார். சாப்பாட்டு இடைவேளை. தலைமை ஆசிரியையின் அறை ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது.

சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருந்தாள். அட்டை கொடுத்த வகுப்புக்காரி, கழுத்தில் கயிறு கட்டி அட்டைகளை மாட்டியிருந்தாள். எதிரே மற்ற வகுப்புப் பையன் ஒருவன், அவளுடைய தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினான்.

அவள் பாட்டிலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அட்டைகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் சிணுங்கினான். அவள் மசியவில்லை. அவன் விரல் தடுமாறித் தடுமாறித் தண்ணீர்ப் படத்தைத் தொட்ட பிறகுதான் பாட்டில் கைமாறியது.

பேராசிரியை ஜன்னலை நெருங்கிப் போனார்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"எங்க வாலுவைக் கேக்கறீங்களா? தினமும் நாலஞ்சு பேரைப் பிடிச்சு உக்கார வச்சுப் பாடம் எடுக்குது," என்று தலைமை ஆசிரியை சிரித்தார். "முதல்ல பார்த்ததே உங்க மாணவிதான்."

"அப்புறம் ஏன் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு என்கிட்ட பழியை ஏத்துக்கிட்டா?"

கேட்கும்போதே பேராசிரியைக்கு நேற்றுத் தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

தலைமை ஆசிரியையின் சிரிப்பு அடங்கியது.

"பாவம், அவ படிப்பு கெட்டுடக் கூடாதேன்னு, ரெண்டு வகுப்பையும் பிரிச்சு விட்டுடவான்னு நானே கேட்டேன் மேடம். வேண்டாம்னுட்டா. ‘எனக்கு வேற தலைப்பு கிடைச்சுடும் டீச்சர். அவங்க இப்பத்தான் பேசிக்க ஆரம்பிச்சிருக்காங்க’ன்னா."