தகட்டின் பின்பக்கம்

திருவனந்தபுரம் கரமனையில் பெண் பார்க்க வந்த இடத்திலும் வெங்கடகிருஷ்ணனுக்குக் கோபம் அடங்கவில்லை. இந்த வரனைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மகன் சுமந்த், தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"கேட்டேளா, இவன் கம்பெனியில விமானத்துக்கான கார்பன் ஃபைபர் தகட்டுல துளை போட்டான். மேலே பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்காம். எவனோ ஒரு இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிப் பார்த்துட்டு, அத்தனையும் குப்பைன்னு தள்ளிட்டான்!"

"பின்பக்கம் என்ன ஆச்சாம்?" என்றார் பெண்ணின் அப்பா.

"ட்ரில்லை வேகமா இறக்கினானாம், அடியில முட்டுப் பலகை வைக்கலையாம், துளையைச் சுத்தி இழை பிஞ்சு அடுக்கெல்லாம் தனித்தனியா பிரிஞ்சு போச்சாம். பின்பக்கத்தை எவன் பார்க்கப் போறான்? எங்க குடும்பத்தையே அவமானப்படுத்தினவன் என் முன்னாடி வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கறாப்பல கேட்கறேன்!"

காபியோடு வந்த கல்யாணப் பெண் மாளவிகா, டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"கேளுங்கோ மாமா. திருப்பிப் பார்த்தது நான்தான். அந்தத் தகடு பறக்கறச்சே பிளந்தா யார் பதில் சொல்றது?"

வெங்கடகிருஷ்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எழுந்திருடா சுமந்த்! இந்த சம்பந்தமே வேண்டாம்!"

சுமந்த் அசையவில்லை.

"தப்பு என்னுதுப்பா. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினாளே, அதனாலதான் இவளையே பார்க்கணும்னேன்."