பட்டியலில் இல்லாத பெயர்கள்

"சார், எம்மக ஊர்மிளா பேரு ஓ.எல். அரசாங்கப் பரீட்சைப் பட்டியல்ல விட்டுப்போச்சுதுங்க."

பாடசாலை அதிபர் செல்லசாமியின் அறை வாசலில் நின்றபடியே நாகலெட்சுமி சொன்னாள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தாள். மழை விட்டபாடில்லை.

"இன்னைக்கு ரெண்டு மணிக்குப் பட்டியல் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போகுதாம். இந்த வருசம் எழுதலேன்னா அவள கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியே தீருவேன்னு அவ அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாருங்க."

"உள்ள வாங்கம்மா. இந்தத் தம்பி கொழும்புலேருந்து வந்திருக்கு. அனுப்பிட்டுப் பேசுவோம்."

நாகலெட்சுமி உட்காரவில்லை. நாற்காலி நனைந்துவிடுமென்று சுவரோரமாக நின்றாள்.

அந்தத் தம்பியின் பெயர் றொனால்ட். சொந்த ஊர் ராகலைத் தோட்டம், இப்போது கொழும்பில் டை கட்டும் வேலை. பாடசாலைக்கு ஆய்வுகூடம் கட்டவென்று தோட்டத்து ஆட்கள் ஆறு வருடமாகச் சிறுகச் சிறுகக் கொடுத்த நிதி அதிபரின் பொறுப்பில் வங்கியில் கிடந்தது. அதைப் பங்குச் சந்தையில் போட வைக்கத்தான் மடிக் கம்பியூட்டரோடு பஸ் ஏறி வந்திருந்தான்.

"சும்மா நம்பிப் போடச் சொல்லல சார். சோதிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. பத்து வருசத்துப் பங்கு விலை எல்லாம் இதுல ஏத்தியிருக்கு. எங்க முறைப்படி அப்ப வாங்கி வித்திருந்தா இன்னைக்கு என்னவாகியிருக்கும்னு இதுவே கணக்குப் போட்டுக் காட்டும்."

ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று மலையேறியது.

"பாத்தீங்களா? போட்ட ஒரு ரூவா ஏழாயிருச்சு. வாங்கின பங்குல நூத்துக்குத் தொண்ணூறு லாபத்துல முடிஞ்சிருக்கு."

செல்லசாமி கணிதப் பட்டதாரி. அந்தத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். அவரிடம் கணக்குக் காட்டி ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று தோட்டமே சொல்லும். றொனால்டிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, பாவம்.

"தரகுக்கூலி கழிச்சிருக்கா?"

"கழிச்சிருக்கு சார்."

"ஆரம்பிக்கிற வருசத்த மாத்துங்க."

மாற்றினான். கோடு அப்போதும் ஏறியது.

"ஒண்ணு ரெண்டுல போடாம இருபது கம்பெனியில பிரிச்சுப் போட்டா?"

அப்போதும் ஏறியது. நாகலெட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி தாண்டியிருந்தது.

அதிபர் எழுந்துபோய், பொது அறிவுப் போட்டிக்காகக் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளைக் கிளறி, பத்து வருடத்துக்கு முந்திய, தொண்ணூற்று நான்காம் வருடத்துத் தாள் ஒன்றை உருவினார். பங்கு விலைப் பக்கத்தை விரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். றொனால்ட் ஒவ்வொன்றாகக் கம்பியூட்டரில் தேடினான். அதில் அகப்படாத பெயர்களுக்கு அடியில் அதிபர் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தப் பதினாலும் எங்க தம்பி?"

"அதெல்லாம் நட்டப்பட்டு மூடிப்போன கம்பெனி சார். இப்ப இல்ல."

"அன்னைக்கு இருந்துச்சில்ல? அன்னைக்குக் காசு போட்டிருந்தா இதுகள்லயும்தானே போட்டிருப்போம்?"

றொனால்ட் டையைத் தளர்த்தினான். "அதையும் சேத்தா வீதம் எறங்கிரும் சார். பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வராது. அதான் எடுத்துட்டோம்."

அதிபர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"விழுந்ததையெல்லாம் அள்ளி வெளிய வீசிட்டு, மிச்சத்த எண்ணிக்காட்டி நூத்துக்குத் தொண்ணூறுன்றீங்க. இதுக்குப் பேரு கணக்கா? களவு! கொழுந்து பறிச்ச கைக் காசு இது. நீங்களும் லயத்துல பொறந்த புள்ளதானே, வெக்கமா இல்ல?"

றொனால்ட் கம்பியூட்டரை மூடி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

நாகலெட்சுமிக்குக் கை கூப்ப வேண்டும்போல் இருந்தது. கம்பியூட்டர் விசயம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தங்கள் காசு தப்பித்தது புரிந்தது. இவ்வளவு நியாயமான மனுசனிடம்தானே வந்திருக்கிறோம், மகள் பேர் ஏறிவிடும் என்று மனசு ஆறியது.

"எங்க காச காப்பாத்திட்டீங்க சார். அப்படியே ஊர்மிளா பேரையும்..."

"அது விட்டுப்போகலம்மா" என்றார் அதிபர். கோபம் போய், குரல் தணிந்திருந்தது. "நான்தான் எடுத்தேன்."

"ஏங்க சார்? ஒரு நாள்கூடத் தவறாம வர்றாளுங்களே?"

"வர்றா. ஆனா கணக்குல முப்பதத் தாண்ட மாட்டேங்கிறா. அவளையும் அவளாட்டம் இன்னும் எட்டுப் பேரையும் எழுத விட்டா நம்ம பாடசாலையோட சித்தி வீதம் எறங்கிரும். மூணு வருசமா எழுதின அத்தனை பேரும் பாஸாகி நூத்துக்கு நூறு எடுத்திருக்கோம். எல்லாரும் நம்மளப் பாத்துத்தான் பேசுறாங்க. உங்களுக்கும் அது பெருமைதானேம்மா?"

பட்டியலில் முத்திரை குத்தி உறைக்குள் போட்டார். விளிம்பில் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டினார்.

நாகலெட்சுமி அழவில்லை. அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப எம்மகளும் மூடிப்போன கம்பெனிதானுங்களா, சார்?"