ஜெமீல் ஓடப் பழகினான்

"மச்சான், நீங்க ஓடுறீங்களா, நெல்லுக் குத்துறீங்களா?"

ஓடிக் காட்டச் சொல்லிவிட்டு வாசல் மணலில் குந்தியிருந்த அன்ஸார் கேட்டான். ஜெமீலின் மனைவி நபீஸாவின் தம்பி அவன், கிண்ணியாப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். ஜெமீல் வீங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ சிரிப்பாய். விடிய நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

பாடுதான், பொய்யில்லை. விடியற்காலைச் சுபஹு தொழுது, எருமை கறந்து, தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு துறையடிக்கு ஒரே ஓட்டம். கிண்ணியாவுக்குப் பாலம் ஏது? சனம், சைக்கிள், தயிர்ச்சட்டி எல்லாம் அக்கரை போவது 'பாதை' என்கிற மிதவையில்தான். முதல் பாதையை விட்டால் அக்கரையில் பஸ் போய்விடும். பஸ் போனால் அவன் வேலைக்குப் போகும் துறைமுகத்தின் கேற்றைப் பூட்டிவிடுவார்கள்.

"எண்டாலும் ஒண்டு சொல்றன்," ஜெமீல் நெஞ்சை நிமிர்த்தினான். "இத்தனை வருஷத்தில பாதை என்னை விட்டுட்டுப் போனதே இல்ல. நான் போய்ப் பாயுறதுக்கும் பாதைக்கார ஆதம்பாவாக் காக்கா கயிறு அவிழ்க்கிறதுக்கும் சரியா இருக்கும். அப்பிடி ஓட்டம்!"

"கிழிஞ்ச ஓட்டம்!" வேலியடியில் நின்ற நபீஸா விட்டுவைக்கவில்லை. "ராவைக்கு எண்ணெய் தடவுறது நான்தானே! தம்பி, துறைமுகத்தில ஆக்களை நிரந்தரமாக்கப் போறாங்களாம். பேர் கூப்பிடக்குள்ள இவர் நொண்டிக்கொண்டு போய் நிண்டா எடுப்பாங்களா?"

நாட்கூலியாய் மூட்டை சுமந்து தேய்ந்த ஜெமீலுக்கு அந்த நிரந்தரம் பெரிய கனவு. கால் போனால் எல்லாம் போச்சு.

"முதல்ல அந்த டயர்ச் செருப்பைக் கழட்டுங்க," என்றான் அன்ஸார். "காலை முன்னுக்கு எறியாதீங்க. உடம்புக்குக் கீழ வையுங்க, சின்னச் சின்ன எட்டு. குதிகாலால நிலத்தைக் குத்தாதீங்க. தோளை இறக்குங்க, ஆரோட சண்டைக்குப் போறீங்க? சத்தம் கேட்டா பிழை. அவ்வளவுதான் பாடம்."

"விடியவும் இப்பிடியா ஓடுற? பிந்திப் போயிடுமேடா!"

"பழகுமட்டும் சைக்கிள்ல நான் கொண்டுபோய் விடுறன். பயப்படாதீங்க."

பின்னேரம் அஸறுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் பாடம் நடந்தது. முதலில் தடக்குப்பட்டான், விழுந்தான், அன்ஸாரை வாய்க்கு வந்தபடி ஏசினான். பிறகு மெல்ல மெல்லக் கால் பிடிபட்டது. வீக்கமும் வற்றியது. ஒரு பின்னேரம், எருமை விலையைப் பற்றி அன்ஸாரோடு கதைத்துக்கொண்டே ஓடி முடித்துவிட்டு, "அட, இது சுகமா இருக்கேடா!" என்று சிரித்தான். இவ்வளவு காலமும் ஓட்டம் என்றால் தண்டனை என்றுதான் நினைத்திருந்தான்.

பேர் கூப்பிடும் நாள் விடிந்தது. ஊர் முழுக்கப் பனி.

"சைக்கிள் வேணாம்" என்று முதல்நாளே அன்ஸாரிடம் சொல்லிவிட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிப் படலையைக் கடந்தான்.

"இஞ்சருங்க, இன்னும் வெளிக்கிடல்லயா?" பின்னால் குசினிக்குள்ளிருந்து நபீஸாவின் குரல் வந்தது. ஜெமீல் சிரித்துக்கொண்டே ஓடினான். தினமும் அவனைக் குரைத்து விரட்டும் பக்கத்து மைமூனா வீட்டு நாய்கூட இன்று தலை தூக்கவில்லை. முழங்கால் நோகவில்லை, மூச்சு முட்டவில்லை. பள்ளிவாசலைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சத் தூரம் இருக்காதா என்று ஆசையாய்க்கூட இருந்தது. வழக்கத்தைவிட முந்தியே துறையடிக்கு வந்து சேர்ந்தான்.

பாதையைக் காணவில்லை.

பனிக்குள்ளே அது கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஜெமீல் கரை விளிம்புக்கு ஓடினான். இன்றைக்குப் பார்த்தா இப்படி?

"காக்கோ! ஆதம்பாவாக் காக்கோ!"

நல்ல காலம், குரல் எட்டியது. பாதை தயங்கி, மெல்லத் திரும்பி வந்தது. சனத்தின் முணுமுணுப்புக்கு நடுவே ஜெமீல் பாய்ந்து ஏறினான். பயம் போனதும் கோபம் வந்தது.

"என்ன காக்கா, இண்டைக்கெண்டு நேரத்துக்கு முந்தியே எடுத்திட்டீங்க?"

"முந்தியா?" ஆதம்பாவா கயிற்றைச் சுருட்டியபடி சிரித்தார். "இண்டைக்குத்தான்டா தம்பி சரியான நேரத்துக்கு எடுத்தம்! மத்த நாளெல்லாம் பள்ளிவாசலடியில உன்ட செருப்புச் சத்தம் கேட்டா, 'ஜெமீல் வாறான், பொறுங்க' எண்டு கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம். இண்டைக்கு ஒரு சத்தத்தையும் காணல்ல!"